முதல் பக்கத்து ஜாதகம்

உக்காருங்க, உக்காருங்க. அந்தச் சேரை பேன் பக்கமா இழுத்துப் போட்டுக்குங்க. என்ற மக அம்மிணி பிரிண்டருக்கு மை வாங்கக் கடைவீதி வரைக்கும் போயிருக்குது, இப்ப வந்துரும். வந்ததும் உங்க தம்பி ஜாதகத்தை மிசின்ல வெச்சு ஏத்திரும். முன்னயாட்ட என்ற கைல குடுத்துட்டுப் போக முடியாதுங்க இப்ப. ஒவ்வொரு ஜாதகமும் தனித்தனியா அவ கைக்குத்தான் போகோணும். அப்பிடி ஒரு சட்டம் போட்டுட்டா, என்ற வீட்டுல, என்ற தொழில்ல.

ஏன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? கேக்காட்டியும் சொல்றேன். முசிறில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, சும்மா உக்காந்திருந்தா காலு மரத்துப் போயிரும்.

இந்த ராசிபுரம் சுத்துவட்டாரத்துல எந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தை வேணும்னாலும் பொரட்டிப் பாருங்க. ஏதாச்சும் ஒரு போட்டோவுல பந்தி ஓரமா இந்தச் சடையப்பன் நின்னுட்டு இருப்பான். அத்தனை கல்யாணம் முடிச்சு வெச்சிருக்கறேன். சைக்கிள்ல அலைஞ்சு, அப்பறம் டிவிஎஸ் வண்டில அலைஞ்சு. கொரோனாவுல எல்லாரும் வீட்டுக்குள்ள மொடங்குனப்பத்தான், 'நெட்டுல ஒரு சைட் போட்டுரலாம்ப்பா'ன்னு அம்மிணி சொன்னா. கோகிலவாணின்னு பேரு. ஒரே மக. அப்பத்தான் திருப்பூர்ல இருந்து வந்திருந்தா.

திருப்பூர்லதான் குடுத்திருந்தோம். நானே பாத்த எடம். பத்துல ஒம்போது பொருத்தம். அந்தப் பொருத்தத்தை இன்னைக்கும் எவனும் குத்தஞ் சொல்ல முடியாது, நீங்க எந்த ஜோசியருகிட்ட வேணும்னாலும் கொண்டு போய்க் காட்டுங்க. மாப்பிள்ளை பனியன் கம்பெனில சூப்பர்வைசர். நான் போனா எந்திரிச்சு நின்னுதான் பேசுவாரு. ஒரு தடவை கைல மாவுக்கட்டோட வந்தா. பாத்ரூம்ல வழுக்கிருச்சுன்னா. நானும் பாத்ரூமுக்கு ஒரு நல்ல ரப்பர் மிதியடியா வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சேன். அடுத்த தடவை ஒரு பையும் அவ கம்ப்யூட்டரும் எடுத்துட்டு வந்தவதான், திரும்பிப் போகலை. கோர்ட்டுல எழுதி வாங்கியாச்சு. சரி, அது ஆச்சுங்க. அதை எதுக்கு இப்ப.

சைட்டுக்கு வர்றேன். எங்க தொழில்ல ஒரு மொறை உண்டு. எல்லாத் தரகருக்கும் இருக்குதான்னு தெரியாது, என்ற மாமனார் எனக்குச் சொல்லிக் குடுத்த மொறை. பொண்ணு ஜாதகம் ஒரு கட்டு, பையன் ஜாதகம் ஒரு கட்டு. மஞ்சக் கயிறு போட்டு ஒட்டுக்காக் கட்டி வெச்சிருக்கோணும். கட்டைப் பிரிச்சுப் பரப்புனா கைராசி காத்தோட போயிரும். தாலி ஏறுன அன்னைக்குத்தான் ஒரு ஜாதகம் கட்டை விட்டு வெளிய வரும். அதுக்கு முன்னால யாரு கேட்டாலும் உருவிக் குடுக்க மாட்டேன்.

'ஒவ்வொண்ணாத் தனித்தனியா ஏத்தறேன்ப்பா'ன்னா அம்மிணி. அதெல்லாம் ஆகாதுன்னுட்டேன். கம்ப்யூட்டரானாலும் கட்டு கட்டாத்தான் இருக்கோணும். ஒரே பைலு. புதுசா ஒரு ஜாதகம் வந்தா கட்டை முழுசா மறுக்காக் கட்டி, மறுக்கா ஏத்தோணும். பழைய கட்டும் அங்கயே கெடக்கோணும், ஒண்ணையும் அழிக்கக் கூடாது. ஒரு பொண்ணு ஜாதகத்தைப் போயி 'அழிச்சுட்டேன்'னு சொல்றது வாய்க்கு நல்லா இருக்குதுங்களா? நீங்களே சொல்லுங்க.

அப்ப இன்னொண்ணும் கேட்டா. 'எல்லாத்தையும் கட்டி வெக்கறேன்ப்பா. என்னுதை மட்டும் எடுத்துருங்க.'

எப்பிடிங்க எடுக்கறது? ஏறுன தாலியை எறக்கி வெச்சுட்டு வந்துட்டா. அன்னைக்கே அவ ஜாதகம் கட்டுக்குத் திரும்பியாச்சு. மொறைன்னா மொறை. அதுக்குன்னு சொந்த மகளுதை அடியிலயா வெக்க முடியும்? முதல் பக்கத்துல வெச்சேன். யாரு தொறந்தாலும் அம்மிணி மூஞ்சிதான் முதல்ல. கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவுல மாப்பிள்ளையை வெட்டிட்டு அதையே போட்டேன், அதுலதான் நல்லாச் சிரிச்சிருப்பா.

அது கெடக்கட்டும். சைட்டுல குடுத்த போன் நம்பரும் அவளுதுதான். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், கூட்டத்துல நின்னு பேச முடியாது. அதுல ஒரு கூத்து நடக்குமுங்க. 'முதல் பக்கத்துல இருக்கற பொண்ணு எப்பிடிங்க?'ன்னு அவகிட்டயே கேப்பாங்க. அவளும் யாரோ ஆபீஸ்ல இருக்கறவளாட்ட அடக்கமாப் பதில் சொல்லுவா. திருச்செங்கோட்டு அம்மா ஒண்ணு, 'புருசனை விட்டுட்டு வந்த பொண்ணாமே, வாய் நீளமோ?'ன்னு கேட்டிருக்குது. 'இன்னும் அளந்து பாக்கலைங்கம்மா'ன்னு சொல்லி வெச்சுட்டா. எனக்குச் சிரிப்பு தாங்கலை. அவ சிரிக்கலை. அவளுக்குச் சிரிப்பே கொறைச்சல், சின்ன வயசுல இருந்து. இல்லை, சின்ன வயசுல சிரிப்பா. இப்பத்தான்.

இந்த ஆனி மாசக் கடைசிலதாங்க கெரகம் புடிச்சது. ஆடில கல்யாணம் இல்லைன்னாலும் எங்களுக்கு ஆடிதான் வேலை. ஆவணி முகூர்த்தத்துக்கு அப்பத்தான் ஜாதகம் அலசுவாங்க. ஆடியை விட்டா அந்த வருசமே போச்சு. அந்த நேரம் பாத்து ஆத்தூர்ல இருந்து ஒருத்தர் என்ற போனுக்கே கூப்புட்டாரு. 'ஏனுங்க சடையப்பரே, பொண்ணு போட்டோவைத் தொட்டா சீட்டாட்டம் வருதே, இது புதுச் சம்பிரதாயமா?'ங்கறாரு. தொட்டுப் பாத்தா ஆமா, ரம்மி. 'வாங்க விளையாடலாம்'னு கூப்புடுது. அடுத்த நாளு அதுவுமில்லை. சைட்டைத் தொறந்தாலே முழுசாச் செவப்பு. 'ஆபத்து, உள்ள போகாதீங்க'ன்னு. கல்யாணக் காரியத்துக்கு வர்றவன் கண்ணுல முதல்ல ஆபத்துன்னு பட்டா அப்பறம் வருவானுங்களா?

யாரோ சைட்டுக்குள்ள பூந்து எதையோ ஒளிச்சு வெச்சுட்டுப் போயிட்டாங்களாம். அதைத் தேடிப் புடிக்கறதுக்கு செக்யூரிட்டி ஸ்கேன்னு ஒண்ணு. அம்மிணி ஓட விட்டா. பச்சைக் கோடு ஒண்ணு நவுந்துட்டே போகுது. நானும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கறேன். பாதியைத் தாண்டுச்சு. நின்னுச்சு. இங்கிலீஸ்ல ஒரு வரி வந்துச்சு. 'மெமரி லிமிட் முடிஞ்சிருச்சு'ங்கறா. மறுக்கா ஓட விட்டா. அதே எடம், அதே வரி. காப்பி குடிச்சுட்டு வந்து ஓட விட்டா. அதே வரி. எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கெணத்துல போட்டா என்னன்னு இருந்துச்சு.

'அப்பிடின்னா என்னம்மா?'ன்னேன்.

'ஸ்கேன் ஒவ்வொரு பைலையும் கைல எடுத்துத்தான்ப்பா பாக்கும். ஒரு நேரத்துல இவ்வளவுதான் தூக்கலாம்னு ஒரு அளவு இருக்குது. தேங்காயை ஒவ்வொண்ணாக் குடுத்தா தட்டித் தட்டிப் பாத்துரும். மரத்தையே புடுங்கிக் கைல குடுத்தா?'

'மரத்தை யாரு குடுத்தா?'ன்னேன். அவ என்னைப் பாத்தா.

அந்த அளவைக் கூட்டிப் போட்டா. ஏதோ ஒரு பைலைத் தொறந்து நம்பரை மாத்தி எழுதுனா. அதே எடத்துல நின்னுச்சு. இன்னும் கூட்டுனா. நின்னுச்சு. அப்பறம்தான் தெரிஞ்சுது, சைட்டுக்கு எடம் வாடகைக்குக் குடுத்தவன் தனியா ஒரு அளவு வெச்சிருக்கறான். நாம என்ன எழுதுனாலும் அவன் கூரை ஒசரத்துக்கு மேல போகாது. வாடகைக்கு இருக்கறவன் மாடி கட்டுன கதைதான். அவன்கிட்டப் பேசுனா, பேச்சில்லை, எழுத்துதான். 'உங்கள் பொறுமைக்கு நன்றி'ன்னு எழுதறான். நான் அங்க காட்டுக் கத்தலாக் கத்திட்டு இருக்கறேன், எந்தப் பொறுமைக்குங்க நன்றி? மத்த வேலையெல்லாம் நிறுத்திட்டு ஸ்கேனை மட்டும் ஓட்டுங்கன்னான். ஓட்டுனோம். கொஞ்சம் கொஞ்சமா ஓட்டுங்கன்னான். அதையும் பண்ணுனோம். பாதிதான். அதே வரிதான்.

எனக்கு நாமக்கல் பொன்னுரங்கத்து மேல சந்தேகம். அவனும் தரகன். போன வருசம் ஒரு எடத்துல எனக்கும் அவனுக்கும் வாய்த் தகராறு. நேரா வண்டியை எடுத்துட்டுப் போய், 'என்ற சைட்டுக்குள்ள சீட்டுக்கட்டு வெச்சது நீதானே?'ன்னேன். 'அண்ணா, வாட்சப்புல பூ அனுப்பறதுக்கே என்ற மருமக ஒத்தாசை வேணும். நான் எங்கண்ணா உங்க சைட்டுக்குள்ள பூர்றது?'ன்னு மோரு குடுத்து அனுப்பிட்டான். மோரு நல்லா இருந்துச்சு. அது வேற.

நான் திரும்பி வந்தப்ப அம்மிணி கண்டுபுடிச்சு வெச்சிருந்தா. ஸ்கேன் எந்தெந்தப் பைலைத் தொட்டுதுன்னு குறிச்சுட்டே போற மாதிரி ஏதோ செஞ்சு வெச்சு, எந்தப் பைலைத் தொட்டதும் சாகுதுன்னு பாத்திருக்கறா.

'பொண்ணுக் கட்டுலதான்ப்பா. ஒவ்வொரு தடவையும் அங்கதான்.'

'அப்ப அதை விட்டுட்டு மத்ததைப் பாரு.'

நான்தாங்க அந்த யோசனை சொன்னது. பொண்ணுக் கட்டு மட்டும் வேண்டாம்னு ஸ்கேனுக்கு எழுதி வெச்சா. என்ன ஆச்சரியம், ஸ்கேன் கடைசி வரைக்கும் ஓடி முடிஞ்சுது. ரெண்டு மூணு அழுக்கைப் புடிச்சுக் குடுத்துச்சு. தொடைச்சுட்டு, அந்தச் செவப்பைப் போட்டவங்களுக்கு, அதை எடுங்கன்னு விண்ணப்பம் போட்டா. நான் அன்னைக்குப் பொழுதோட ஜிலேபி வாங்கியாந்தேன். தின்னு முடிக்கல, திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னும் அழுக்கு இருக்குதாம். எங்க இருக்குது? விட்டுட்டுப் பாத்தமே, பொண்ணுக் கட்டு கெடக்கற அதே எடத்துலதான். கல்யாண வீட்டுல நகை தொலைஞ்சு எல்லா ரூமையும் தேடிட்டு, பூட்டுன ரூமை மட்டும் விட்டுட்டா எப்பிடி? திருடனுக்குத் தெரியாதுங்களா எந்த ரூம்னு.

அப்பத்தான் கேட்டா. 'கட்டைப் பிரிச்சே ஆகோணும்ப்பா. பழைய கட்டையெல்லாம் எடுத்துட்டு, ஒவ்வொரு ஜாதகத்தையும் தனியா வெச்சாத்தான் ஸ்கேன் முடியும்.'

'சைட்டே போனாலும் போகட்டும், கட்டு பிரியக் கூடாது.'

'சரி. என்னுதையாச்சும் எடுத்துரட்டுமா?'

'நீ ஏன் சாமி அதுலயே நிக்கற? ஊரு தீப்புடிச்சு எரியுது, நீ உன்ற பாவாடையைத் தேடறே.'

எனக்குக் கோவம் வந்தா இப்பிடித்தான் ஏதாச்சும் வந்துரும். அவ கம்ப்யூட்டரை மூடிட்டு, 'அந்தப் போனு அடிக்கறப்பல்லாம் நான்தான்ப்பா எடுக்கறேன். ஒரு நாளு நீங்க எடுத்துப் பாருங்க'ன்னா. எனக்குத்தான் காது கேக்காதேன்னேன். அதுக்கு அவ, 'அதான் பாக்கறேனே'ன்னுட்டு உள்ள போயிட்டா. என்ன பாக்கறாளோ. பொம்பளைப் புள்ளைகளுக்குப் படிப்பைக் குடுத்தா பேச்சுல பாதியை முழுங்கிக்கறாங்க.

ரெண்டு நாளு பேச்சு வார்த்தை இல்லை. செவப்பும் போகலை, போனும் வர்லை. ஆடி பாட்டுக்கு ஓடிட்டு இருக்குது. சரி, சாமியைக் கேட்டுரலாம்னு மலையடிவாரத்துக் கருப்பனார் கோயிலுக்குப் போனேன். பூவாக்குக் கேக்கறது உங்க பக்கமும் உண்டில்லீங்க? செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். சாமி முன்னால போட்டு, ஒண்ணை எடுக்கச் சொல்றது. செவப்பு வந்தா கட்டு பிரியக் கூடாது, வெள்ளை வந்தா பிரிக்கலாம்னு மனசுல நெனைச்சு, பூசை பண்ற பண்டாரம் காதுலயும் சொல்லிட்டேன். செவப்புதான் வரும்னு எனக்கு உறுதி. முப்பது வருசமா அந்தச் சாமிக்கு நான் செய்யாத கெடா வெட்டா?

வெள்ளை வந்துச்சு.

நான் பண்டாரத்துக்கிட்ட, 'இது பேப்பர்க் கட்டுக்குத்தான், கம்ப்யூட்டர்க் கட்டுக்கு இல்லை'ன்னு விளக்கிச் சொன்னேன். அந்தாளு திருநீத்துத் தட்டைப் புடிச்சுட்டு ஒரு மாதிரி பாத்தான். வீட்டுல வந்து நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லலைன்னா பொய்யாகுமுங்களா? ஆனா வெள்ளிக்கெழமை அம்மிணி கோயிலுக்குப் போயிருக்குது. பண்டாரம் வாயி சும்மா இருக்குமா? 'என்னம்மா, கட்டைப் பிரிச்சாச்சா? வெள்ளைப் பூ வந்துச்சே'ன்னு கேட்டுட்டான்.

வந்தா. என்கூடச் சண்டையெல்லாம் போடலை. திருநீறை என்ற நெத்தில பூசி விட்டா. 'சாமி உத்தரவு குடுத்துருச்சாம்ப்பா'ன்னா. கம்ப்யூட்டரைத் தொறந்து உக்காந்துட்டா. அவ்வளவுதான். நான் என்ன பண்ணட்டும்? சாமியை இழுத்து விட்டுட்டா.

பழைய கட்டையெல்லாம் எடுத்துட்டா. எத்தனை கட்டு கெடந்துச்சுங்கறீங்க, புதுசாக் கட்டுனதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. அத்தனையிலயும் முதல் பக்கத்துல அம்மிணிதான், அதே சிரிப்பு. ஒவ்வொண்ணாத் தொறந்து தொறந்து மூடுனா. அப்பறம் ஒவ்வொரு பொண்ணு ஜாதகத்தையும் தனியாப் பிரிச்சு, பேரு போட்டு வெச்சா. சோறு திங்க எந்திரிக்கலை. ஸ்கேன் ஓட விட்டா. பச்சைக் கோடு பாதிக்குப் போச்சு. தாண்டுச்சு. போச்சு, போச்சு, கடைசி வரைக்கும் போச்சு. அந்த ரூமுக்குள்ள ஒளிச்சு வெச்சதையெல்லாம் புடிச்சு வெளிய போட்டுச்சு. விண்ணப்பம் மறுக்காப் போட்டா. செவப்பு போயிருச்சு. ஆத்தூர்க்காரரு கூப்புட்டு, 'இப்ப பொண்ணே வருதுங்க'ன்னாரு.

நான் சந்தோசமா உக்காந்து ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்துட்டே வர்றேன். எல்லாரும் இருக்கறாங்க. ஒருத்தி விட்டுப் போகலை. அம்மிணிது மட்டும் இல்லை.

'உன்னுது எங்க சாமி?'ன்னேன்.

'இல்லைப்பா.'

'ஸ்கேன்ல போயிருச்சா?'

'இல்லைப்பா. நான்தான் வெக்கலை.'

சரி, கைல பேப்பர் இருக்குதே, மறுக்கா ஏத்திக்கலாம்னு பீரோவுல கட்டை எடுத்துப் பிரிச்சா, அதுலயும் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு மோகனூர் காவேரிக்குப் பக்கத்து வீட்டுப் பொம்பளைகளோட போனவ, தண்ணில விட்டுட்டு வந்துட்டா. காதோலை கருகமணியோட சேத்து விட்டாளாம். கூடப் போன செல்லாயக்காதான் சொல்லுச்சு. 'விட்டுப்போட்டு என்ன பண்ணுனா?'ன்னு கேட்டேன். 'ஈரத் துணியோட உக்காந்து மூணு பேரு கட்டுச்சோத்தை ஒருத்தியாத் தின்னா, சடையப்பண்ணா. அப்பிடி அவ தின்னு நான் பாத்ததில்லை'ன்னுச்சு.

பாருங்க, எப்பிடி ஒரு வெசனம் இருந்தா அப்பிடித் திம்பா. ஒத்தையா இருக்கறது லேசுங்களா? அவ வெளிய சொல்ல மாட்டா. பெத்தவனுக்குத் தெரியாதா?

அதனாலதாங்க உங்களை நேர்லயே வரச் சொன்னேன். உங்க தம்பிக்கு ரெண்டாந்தாரம், கொழந்தை குட்டி தொந்தரவு இல்லைன்னீங்க. பேனா இருக்குதுங்களா? எழுதிக்குங்க. காயிதம் ஆத்துல போனா என்ன, எனக்குத் தலைகீழாத் தெரியும். நட்சத்திரம் உத்திரட்டாதி. ராசி மீனம். லக்கனம் கன்னி. செவ்வாய் தோசம் கெடையாது, சுத்தமான...

இருங்க. வண்டிச் சத்தம். அவதான்.

வா சாமி. இவருதான் முசிறில இருந்து வந்திருக்கறாரு. ஒண்ணுமில்லை, சும்மா மழையைப் பத்திப் பேசிட்டு இருந்தோம். நீ மையை மாட்டு, போ.

கேட்டீங்களா? போறப்ப உங்களைப் பாத்து என்ன சொல்லிட்டுப் போறா? 'அப்பா உத்திரட்டாதில ஒரு பொண்ணு இருக்குதுன்னு சொல்லியிருப்பாருங்கண்ணா. அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிருச்சு. உங்க தம்பி ஜாதகத்தை எடுத்து வைங்க, வேற நல்ல எடமாப் பாக்கலாம்'னு. எப்பிடி, யாரோ மாதிரி. கோவங்கூட இல்லை பாருங்க அவ கொரல்ல. கோவமிருந்தாலும் சமாதானம் பண்ணலாம்.

சின்னப் புள்ளைங்க, அவளுக்கு என்ன தெரியும். அவ மாட்டி முடிக்கறதுக்குள்ள நாம முடிச்சுக்கலாம். எங்க விட்டேன்? கன்னி லக்கனம். ஏழாம் எடத்துல... 

ஏனுங்க, எதுக்குப் பேனாவை மூடறீங்க?